விண்ணில் ஓர் ஆய்வுக்கூடம்

முன்னுரை

ஆய்வுக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன நீண்ட மேசைகளும், கண்ணாடிக் குடுவைகளும், நீலச் சுடருடன் எரியும் புன்சன் விளக்கும்தான். அந்த ஆய்வுக்கூடம் தரையில் நில்லாமல், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் உலகைச் சுற்றி வந்தால் எப்படியிருக்கும்? 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து கிளம்பிய கொலம்பியா விண்வெளி ஓடம் அத்தகைய ஓர் ஆய்வுக்கூடமாகவே இருந்தது. ஏழு பேர், 16 நாட்கள், 80-க்கும் மேற்பட்ட ஆய்வுகள்.

கொலம்பியா என்றால் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது அதன் முடிவு மட்டுமே. கல்பனா சாவ்லாவின் பெயரை அறியாத மாணவியர் நம்மிடையே இல்லை. அவர் எவ்வாறு உயிர் நீத்தார் என்பதை அறிந்திருக்கும் நாம், அதற்கு முந்தைய பதினாறு நாட்களும் அவரும் தோழர்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அறிந்திருக்கிறோமா? அதனைத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கென்றே ஒரு பயணம்

விண்வெளி ஓடங்கள் பல வேலைகளுக்காகப் பறந்தன. செயற்கைக்கோள்களை விண்ணில் விடவும், பழுதானவற்றைச் செப்பனிடவும், விண்வெளி நிலையத்திற்கு வேண்டிய பொருள்களைக் கொண்டு செல்லவும் அவை பயன்பட்டன. ஆனால் 2003-இல் கொலம்பியா சென்றது எந்த நிலையத்துக்கும் அன்று. அறிவியல் ஆய்வு ஒன்றே அதன் வேலை. ஓடத்தின் சரக்கு அறையில் ஸ்பேஸ்ஹாப் என்னும் ஆய்வுக்கூடம் பொருத்தப்பட்டிருந்தது. வீரர்கள் வாழும் பகுதியிலிருந்து ஒரு குழாய்ப் பாதை வழியாக மிதந்தபடியே அங்கே செல்லலாம்.

தலைவர் ரிக் ஹஸ்பண்ட், விமானி வில்லியம் மெக்கூல், ஆய்வுகளுக்குப் பொறுப்பேற்ற மைக்கேல் ஆண்டர்சன், மருத்துவர்களான டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், விண்வெளிக்குச் சென்ற முதல் இஸ்ரேலியரான இலான் ரமோன், ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த நம் கல்பனா சாவ்லா ஆகியோரே அந்த எழுவர். அவர்கள் சிவப்பு அணி, நீல அணி என இரண்டாகப் பிரிந்து கொண்டனர். ஓர் அணி உறங்கும்போது மற்றோர் அணி விழித்திருந்து வேலை பார்க்கும். ஆகவே அந்த ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் விளக்கு அணையவில்லை. கல்பனா சிவப்பு அணியைச் சேர்ந்தவர்.

விண்ணுக்கு ஏன் செல்ல வேண்டும்?

இந்த ஆய்வுகளைத் தரையிலேயே செய்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. விடை புவியீர்ப்பில் இருக்கிறது.

விண்வெளி ஓடத்தில் புவியீர்ப்பே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கொலம்பியா பறந்தது சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கேயும் தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் இருக்கிறது. அப்படியானால் வீரர்கள் மிதப்பது எவ்வாறு? மாடியிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக எறிந்தால் அது வளைந்து சென்று தரையில் விழுகிறது. வேகமாக எறிந்தால் இன்னும் தொலைவில் விழுகிறது. காற்றே இல்லாத உயரத்திலிருந்து மிக மிக வேகமாக எறிந்தால், கல் கீழே விழ விழ, உருண்டையான பூமியும் அதே அளவு வளைந்து விலகிப் போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. ஓடமும் அப்படித்தான் விழுந்துகொண்டே உலகைச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் மனிதரும் பொருள்களும் அதனுடன் சேர்ந்து ஒரே மாதிரி விழுவதால், ஒன்று மற்றொன்றின்மீது அழுத்துவதில்லை. இதுவே எடையற்ற நிலை.

இந்நிலையில் நமக்குப் பழக்கமான பல நிகழ்ச்சிகள் மாறிவிடுகின்றன. பாலில் ஏடு மேலே வந்து மிதப்பதில்லை. கலங்கிய நீரில் மண் அடியில் படிவதில்லை. சூடான காற்று மேலே எழுவதில்லை. ஈர்ப்பு என்னும் திரை விலகியதும், அதன் பின்னே மறைந்திருந்த மெல்லிய இயக்கங்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அவற்றைக் காணவே அறிஞர்கள் விண்ணை நாடினர்.

உருண்டையான நெருப்பு

கோயிலில் நாம் ஏற்றும் மெழுகுவர்த்தியின் சுடர் ஏன் கூம்பி மேல்நோக்கி எரிகிறது? சூடான காற்று இலேசாகி மேலே செல்ல, குளிர்ந்த காற்று கீழிருந்து வருவதால்தான். எடையற்ற நிலையில் இந்தக் காற்றோட்டம் இல்லை. எனவே அங்கே சுடர் உருண்டை வடிவம் பெறுகிறது.

எரிபொருள் மிகமிகக் குறைவாகக் கலந்த வாயுவில் தீயிட்டால், நெருப்பு பரவாமல் சிறு பந்துகளாக நின்று எரியக்கூடும் என்று செல்டோவிச் என்னும் ரஷிய அறிஞர் 1944-இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். 40 ஆண்டுகள் கழித்து, பால் ரோனி என்ற அமெரிக்க அறிஞர் உயரத்திலிருந்து பெட்டியை விழவிட்டுச் செய்த சோதனையில், ஓரிரு வினாடிகள் மட்டும் நெருப்புப் பந்துகளைக் கண்டார். அவற்றை நின்று நிதானமாகப் பார்க்க விண்வெளி தேவைப்பட்டது. 1997-இல் விண்வெளி ஓடங்களில் தொடங்கிய அந்த ஆய்வு, கொலம்பியாவின் இப்பயணத்திலும் தொடர்ந்தது. மூடிய கலத்துக்குள் தோன்றிய ஒரு நெருப்புப் பந்து 81 நிமிடங்கள் அணையாமல் எரிந்தது. சில பந்துகள் வெளியிட்ட ஆற்றல் ஒரு வாட்டுக்கும் குறைவு. ஒரு சிறு மெழுகுவர்த்திச் சுடர்கூட அதைவிடப் பன்மடங்கு வலியது.

இதனால் என்ன பயன்? குறைந்த எரிபொருளில் நெருப்பு எவ்வாறு அணையாமல் நிற்கிறது என்பதை அறிந்தால், எரிபொருளைச் சிக்கனமாக எரித்து, குறைவாகப் புகைவிடும் இயந்திரங்களை அமைக்க அது உதவும். அதே கருவியில் வேறு இரண்டு ஆய்வுகளும் நடந்தன. சுடரில் கரித்துகள் எவ்வாறு உண்டாகிறது என்பது ஒன்று. மூச்சுக்குத் தீங்கு செய்யும் இக்கரி, அடுப்பங்கரையில் நிற்கும் நம் அன்னையர் அறியாத பொருளன்று. பனிபோன்ற நுண்ணிய நீர்த்துளிகளால் தீயை அணைப்பது மற்றொன்று. தீயணைக்கப் பயன்பட்டுவந்த ஹாலோன் என்னும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், அதற்கு மாற்றாக நீரையே பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்தனர்.

மணலும் நிலநடுக்கமும்

கடற்கரையில் நிறைந்து கிடக்கும் மணலை விண்ணுக்குக் கொண்டு சென்றார்கள் என்றால் வியப்பாக இல்லையா? ஈரமணலின்மீது நின்றால் அது நம்மைத் தாங்குகிறது. ஆனால் நிலநடுக்கத்தின்போது நீர் நிறைந்த மண், திடப்பொருளின் தன்மையை இழந்து குழம்புபோல் ஆகிவிடுவதுண்டு. அதன்மேல் உள்ள கட்டடங்கள் சாய்ந்துவிடும். 2001-ஆம் ஆண்டு குஜராத்தில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திலும் கட்ச் பகுதியில் நிலம் இவ்வாறு குழைந்ததைக் கண்டனர்.

மணல் மணிகள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதைத் தரையில் துல்லியமாக அளப்பது கடினம். அடியிலுள்ள மணல் மேலுள்ள மணலின் சுமையையும் தாங்குவதால் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். எடையற்ற நிலையில் இந்த இடையூறு இல்லை. ஆகவே உருளை வடிவில் மணலை நிரப்பி, மெதுவாக அழுத்தி, அது நெகிழும் விதத்தை அளந்தனர். உறுதியான அடித்தளம் அமைப்பதற்கு இத்தகைய அளவுகள் தேவை.

புழுதியும் மின்னலும்

இலான் ரமோன் கவனித்த முக்கியமான ஆய்வு, பாலைவனப் புழுதியைப் பற்றியது. சகாராவிலிருந்து கிளம்பும் புழுதி கடல் கடந்து செல்கிறது. அது வெயிலைத் தடுக்கிறது. மேகத்தில் கலந்து மழையையும் மாற்றுகிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் அமைத்த கேமராவால் மேலிருந்து அப்புழுதியைப் படமெடுத்தனர். இரவு நேரங்களில் அதே கேமராவை இடிமேகங்களின் பக்கம் திருப்பினர். மின்னல் கீழ்நோக்கிப் பாய்வதையே நாம் பார்க்கிறோம். மேகத்திற்கு மேலே வெகு உயரத்தில், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தோன்றி மறையும் செந்நிற ஒளிகளும் உண்டு. அவை அந்தக் கேமராவில் பதிவாயின.

அந்த ஆய்வின் தலைவரான யோவாகிம் யோசப் என்ற பேராசிரியர், சிறுவனாக இருந்தபோது நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் அடைபட்டிருந்தவர். அங்கே ஒரு யூத குரு, உள்ளங்கையில் அடங்கும் சிறிய தோரா திருச்சுருளை அவரிடம் கொடுத்து, உயிர் தப்பினால் இங்கு நடந்ததை உலகிற்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அந்தச் சுருளை ரமோன் தம்முடன் விண்வெளிக்கு எடுத்துச் சென்று, அதன் வரலாற்றை உலகத்தாருக்குச் சொன்னார். ரமோனின் தாயாரும் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவரே.

உடலே ஆய்வுப்பொருள்

வீரர்கள் தங்கள் உடலையும் ஆய்வுக்கு ஒப்படைத்தனர். தம் குருதியையும் உமிழ்நீரையும் எடுத்துச் சேர்த்து வைத்தனர். மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்துகொண்டனர். எடை தாங்கும் வேலை இல்லாதபோது எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. விண்வெளியில் மாதத்திற்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் எலும்பு தேய்வதுண்டு. நம் பாட்டிமார்களை வாட்டும் எலும்புத் தேய்வு பல ஆண்டுகளில் மெல்ல நிகழ்வது. விண்வெளியில் அது விரைவாக நிகழ்வதால், அதன் காரணத்தை அறிய வாய்ப்புக் கிடைக்கிறது.

புற்றுநோய்ச் செல்களையும் அங்கே வளர்த்தனர். தரையில் கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள் தட்டையாகப் படிந்துவிடுகின்றன. எடையற்ற நிலையில் அவை உடலுக்குள் வளர்வதைப்போல எல்லாப் பக்கமும் திரண்டு வளர்வதால், நோயின் இயல்பை ஆராய்வது எளிதாகிறது.

பள்ளி மாணவரின் ஆய்வுகள்

நமக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் பகுதி இதுவே. ஆறு நாடுகளின் பள்ளி மாணவர்கள் திட்டமிட்ட ஆய்வுகளும் கொலம்பியாவில் இடம் பெற்றன. ஆஸ்திரேலிய மாணவர்கள் சிலந்திகளை அனுப்பினர். சீன மாணவர்கள் பட்டுப்புழுக்களையும், ஜப்பானியர் சிறிய மீன்களையும், அமெரிக்கர் எறும்புகளையும் அனுப்பினர். மிகச் சிறிய நாடான லீக்டன்ஸ்டைன் மாணவர்கள் மரத்தைக் குடைந்து கூடு அமைக்கும் தேனீக்களை அனுப்பினர். இஸ்ரேல் மாணவர்கள் நிறமுள்ள படிகங்கள் செடிபோல் வளர்வதை ஆராய விரும்பினர்.

இதற்கு முன்னோடியும் ஒரு பள்ளி மாணவியே. 1973-இல் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையத்திற்கு இரண்டு சிலந்திகள் சென்றன. எடையற்ற நிலையில் சிலந்தி வலை பின்னுமா என்று கேட்டவள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி. முதலில் கோணலாகப் பின்னிய சிலந்தி, சில நாட்களில் பழகிக்கொண்டு நல்ல வலையைப் பின்னிவிட்டது. ஒரு மாணவியின் கேள்விக்கு விண்வெளி வீரர்கள் விடை தேடித் தந்தனர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அல்லவா?

கொலம்பியாவிலும் ஒரு பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளிவந்தது. சுருங்கியிருந்த தன் சிறகுகளை அது மெல்ல விரிக்கத் தொடங்கியதைக் கண்ட லாரல் கிளார்க், உயிர் எங்கும் தொடர்வதை எண்ணி வியந்து பேட்டியில் கூறினார்.

பிப்ரவரி 1

2003 பிப்ரவரி 1 அன்று காலை, தரையிறங்க இன்னும் 16 நிமிடங்களே இருந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தின் மேலே கொலம்பியா சிதைந்தது. எழுவரும் உயிர் நீத்தனர். கிளம்பிய 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைப்பொருள் துண்டொன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. திரும்பும்போது அந்த ஓட்டையின் வழியாகக் கொதிக்கும் வாயு புகுந்து இறக்கையை உருக்கிவிட்டது. அடிபட்ட இடத்தைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டும் அது செய்யப்படவில்லை. இதனை விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஐயம் எழுந்தவுடன் அதனைத் தீர்க்காமல் விடுவது எத்துணைப் பெரிய தீங்கு என்பதை இதனால் அறிகிறோம்.

மண்ணில் கிடைத்த விடைகள்

அப்படியானால் பதினாறு நாள் உழைப்பும் வீணாயிற்றா? இல்லை.

வீரர்கள் தங்கள் அளவுகளில் பலவற்றை அன்றன்றே வானொலி அலைகள் மூலம் பூமிக்கு அனுப்பியிருந்தனர். நெருப்புப் பந்துகளின் அளவுகளும், புழுதி, மின்னல் படங்களும் அவ்வாறு பெருமளவு வந்து சேர்ந்திருந்தன. திரும்பி வந்தபின் ஆராயலாம் என்று வைத்திருந்த குருதியும் செல்களும் போன்றவையே பெரும்பாலும் அழிந்தன.

காடுகளிலும் வயல்களிலும் ஆயிரக்கணக்கானோர் தேடி, 80,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைச் சேகரித்தனர். அவற்றிடையே சில பெட்டிகள் இருந்தன. ஒன்றில், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுக்கள், பல வாரங்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தன! அவற்றின் ஆயுள் சில வாரங்களே ஆதலால், அங்கே இருந்தவை விண்ணுக்குச் சென்ற புழுக்களின் வழித்தோன்றல்கள். அவற்றின் வழிவந்த புழுக்கள் 2011-இல் எண்டெவர் ஓடத்தில் மீண்டும் விண்வெளிக்குச் சென்றன.

மழைக்காலத்தில் ஈரச்சுவரில் பச்சைக் கம்பளம்போல் படரும் மாஸ் என்னும் சிறு தாவரமும் கிடைத்தது. இருட்டில் வளர்த்தால், தரையில் அது ஈர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளரும். ஈர்ப்பு உணரப்படாத இடத்தில் தாறுமாறாக வளரும் என்றே எதிர்பார்த்தனர். ஆனால் அது அழகிய சுருள் வடிவில் வளர்ந்திருந்தது. 1997-இல் கல்பனா முதன்முறை விண்வெளி சென்ற பயணத்தில் இது முதலில் காணப்பட்டது. மீட்கப்பட்ட மாஸ், அந்த முடிவை உறுதிசெய்தது.

எல்லாவற்றினும் விந்தையானது ஒரு கணினித் தட்டின் கதை. செனான் என்னும் வாயு, வாயுவாகவும் திரவமாகவும் பிரித்தறிய முடியாத நிலையை எய்தும்போது அதன் பாகுத்தன்மை எவ்வாறு மாறுகிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. அதன் அளவுகளில் ஒரு பகுதி மட்டுமே பூமிக்கு வந்திருந்தது. மற்றவை பதிவான தட்டு, கருகி உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. வல்லுநர்கள் அதனைப் பிரித்துத் தூய்மை செய்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு செய்திகளை மீட்டனர். கலக்கக் கலக்க அந்தச் செனான் இளகுகிறது என்ற முடிவு 2008-இல் வெளியாயிற்று. பயணம் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆய்வு நிறைவு பெற்றது.

முடிவுரை

ஒரு புழுவோ, ஒரு கணினித் தட்டோ ஏழு உயிர்களுக்கு ஈடாகாது. அறிவியல் வளர்ந்தது என்று கூறி, அந்த எழுவரின் குழந்தைகளுக்கு ஆறுதல் சொல்லவும் முடியாது. ஆனால் அவர்கள் உயிரைக் கொடுக்க விண்ணுக்குச் செல்லவில்லை. வேலை செய்யச் சென்றார்கள். அந்த வேலையை ஒவ்வொரு நாளும் ஒழுங்காகச் செய்தார்கள். கண்டதைக் கண்டவாறே அன்றே குறித்து அனுப்பினார்கள். அதனால்தான் அவர்கள் கேட்ட கேள்விகளில் பலவற்றுக்கு இன்று நம்மிடம் விடை இருக்கிறது. செய்முறை வகுப்பில், அளவைப் பார்த்தவுடன் பதிவேட்டில் எழுதுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்று ஆசிரியை கூறும்போது நாம் முகம் சுளிக்கிறோம். அச்சிறு ஒழுக்கத்தின் பெருமையைக் கொலம்பியா நமக்குக் காட்டுகிறது.

கல்பனா தாம் படித்த கர்னால் பள்ளியை மறக்கவில்லை. ஆண்டுதோறும் அப்பள்ளி மாணவர் இருவர் நாசாவைக் காண ஏற்பாடு செய்திருந்தார். இந்தியாவின் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. துணிவுள்ள பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் விருதும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. விருது பெறும் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கேள்வி கேட்பதும், விடையைப் பொறுமையாகத் தேடுவதும், கண்டதை உண்மையாக எழுதி வைப்பதும் நம் ஒவ்வொருவராலும் இயலும்.

விண்ணையும் மண்ணையும் படைத்த இறைவன், ஒரு சிறு மாஸின் சுருளிலும் ஒழுங்கை வைத்திருக்கிறார். அதனைத் தேடிச் சென்ற எழுவருக்கும் அவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக! அவர்கள் தொடங்கிய தேடலை நாமும் நம் ஆய்வுக்கூடத்து மேசையிலிருந்தே தொடருவோமாக!